அக்கா பேரில் ஒரு பனிக்குடில்

வின்னிபெக்
14 ஜனவரி 1995

தம்பி ரெய்னோவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கைசாவின் இரட்டைப் பிள்ளைகள் அழுவதற்கு முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் ஓய்ந்தால் அடுத்தவன் ஆரம்பிக்கிறான். பெற்ற மகளுக்கு ஒத்தாசையாக வந்துவிட்டு அலுத்துக்கொள்ளக் கூடாதுதான். ஆனாலும் உறைந்த நம் ஏரிமேல், மீன்பிடிக் குடிலுக்குள் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு, தூண்டில் விடப் பனியில் போட்ட துளையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருக்க மாட்டோமா என்றிருக்கிறது.

குடிலை உன்னிடம் விட்டு வந்ததால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லிவிடுங்களேன் என்கிறாள் கைசா. போனில் சொன்னால் நீ 'சரிக்கா, சரிக்கா' என்பாய், வைத்ததும் மறப்பாய். எழுதினால் சுவரில் ஒட்டி வைக்கலாம்.

வாரம் ஒரு முறையாவது குடிலை நெம்பித் தூக்கி, அடியில் உள்ள சறுக்குச் சட்டங்களுக்குக் கீழே விறகுக் கட்டை வை. அடுப்புச் சூட்டில் அடிப்பனி இளகும், ராத்திரி இறுகும். சட்டம் ஒரு தடவை பனிக்குள் பிடித்துக்கொண்டால் லாரி வைத்து இழுத்தாலும் வராது. மார்ச் முடிவதற்குள் குடில் கரையில் இருக்க வேண்டும். போன வருஷம் ஒமெர் சவார் ஏப்ரல் வரை விட்டுவைத்து, ஊரையே கூட்டிக் கடப்பாரை போட்டு எடுத்தானே, அவனைப் படகுத்துறையில் நிற்க வைத்து நான் கேட்ட கேள்வி உனக்கு மறந்திருக்காது. நீதான் விழுந்து விழுந்து சிரித்தாய். அதே வாய்கள் நாளைக்கு என்னைக் கேட்கக் கூடாது. குடில் சுவரில் சிவப்பில் எழுதியிருக்கும் பதிவு எண் என் பேரில் இருக்கிறது.

உன் அத்தான் ஊர்ஹோ போனபிறகு அவர் கையால் செய்தது என்று எனக்கு மிச்சம் அந்தக் குடிலும் அடுப்பும்தான். ஆகஸ்டில் வந்துவிடுவேன். பார்த்துக்கொள்.

அய்லா

*

மார்ட்டன் ஏரி
26 பிப்ரவரி 1995

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைச் சுவரில் ஒட்டியாயிற்று. காபி போடும்போதெல்லாம் நீ என்னை முறைப்பது போலவே இருக்கிறது.

மீனைப் பற்றிச் சொன்னால் உனக்கு வயிறு எரியும், இருந்தாலும் சொல்கிறேன். நேற்று என் கை நீளத்துக்கு ஒரு பிக்கரல். துளை வழியாகத் தலை வருகிறது, வருகிறது, உடம்பு வந்து முடியவே இல்லை. சினையாக இருந்ததால் திரும்ப விட்டுவிட்டேன். நம்பாவிட்டால் போ.

கட்டை வைக்கிற வேலையெல்லாம் நடக்கிறது. கவலைப்படாதே. ஊரில் எல்லோரும் "எங்கய்யா ஏரியோட மாமியார்?" என்று உன்னைத்தான் விசாரிக்கிறார்கள். நீ இருந்தவரை சிகரெட் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட ஆட்களெல்லாம் இப்போது தாராளமாகப் பனிமேல் வீசுகிறார்கள். வந்து கேள்.

ரெய்னோ

*

மார்ட்டன் ஏரி
2 ஏப்ரல் 1995

அன்புள்ள அக்கா,

குடிலைக் கரைக்குக் கொண்டுவந்தாயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம். கொஞ்சம் மேகமாக இருந்தது. ஸ்னோமொபைல் வண்டியில் கட்டிப் பனிமேல் இழுத்தேன், அலுங்காமல் வந்தது. உன் வீட்டுக்குப் பின்னால், விறகுக் கொட்டகைக்கு இடப்பக்கம் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். பச்சைத் தார்ப்பாய்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

ரெய்னோ

*

வின்னிபெக்
29 மே 1995

ரெய்னோ,

பச்சைத் தார்ப்பாய்!

என்ன நிறம் என்றெல்லாம் நான் கேட்டேனா? அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறவன் தார்ப்பாயின் நிறத்தை எழுத மாட்டான்.

இன்று இரண்டு தபால். ஒன்று ஏரியைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியிடமிருந்து: என் பேரில் பதிவான குடிலை நான் பனிமேல் விட்டுவிட்டுப் போனதால் அது உடைந்து தண்ணீரில் கலந்துவிட்டதாம், அபராதம். இன்னொன்று நம் ஊர் வாரப் பத்திரிகை. பிக்கரல் பருவம் தொடங்கிய அந்தச் சனிக்கிழமை, முதல் தூண்டில் போட ஊரே படகோடு துறையில் நிற்க, என் குடிலின் சுவர் மிதந்து வந்து நடுவில் ஒதுங்கியிருக்கிறது. படம் முதல் பக்கத்தில். எண் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது! ஊர்ஹோவின் கையெழுத்து எப்போதும் தெளிவு.

மருமகன் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "அத்தை, இது உங்க ஏரிதானே?" என்று சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது. இருபது வருஷமாக மார்ச் கடைசி ஞாயிறுகளில் சாக்குப் பையோடு அந்தப் பனிமேல் நடந்து மற்றவர்கள் போட்ட பாட்டிலைப் பொறுக்கினவள் நான். ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லித் திட்டினவள். இப்போது அந்தத் துறையில் எப்படிப் போய் நிற்பேன்?

என்ன நடந்தது, எழுது.

அய்லா

*

மார்ட்டன் ஏரி
8 ஜூன் 1995

அக்கா,

எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துவிட்டேன். நடந்தது இதுதான்.

மார்ச் நடுவில் குடிலை எடுத்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன். அன்றைக்குப் பார்த்து மீன் வெறி பிடித்தது போலக் கடித்தது. உனக்குத் தெரியும், பனி முடியப்போகிற நேரத்தில் ஒரு வாரம் அப்படிக் கடிக்கும். நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டேன். மறுநாளும் கடித்தது. இப்படியே 'நாளைக்கு' 'நாளைக்கு' என்று போய்விட்டது. கட்டை வைப்பதையும் விட்டுவிட்டேன். அதற்கு எழுந்தால் தூண்டிலைக் கீழே வைக்க வேண்டுமே.

பிறகு மழை பெய்தது. குடிலைச் சுற்றிப் பனி கூழாகிவிட்டது. அன்று ராத்திரியே உறைந்தது. காலையில் ஸ்னோமொபைலில் கட்டி இழுத்தேன், கயிறுதான் அறுந்தது. உனக்கு அந்தத் தார்ப்பாய்க் கடிதம் எழுதியது அதற்கு அடுத்த நாள். எப்படியும் எடுத்துவிடுவேன், பொய் தானாக உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். தினமும் சாயங்காலம் கோடாலியோடு போய் வெட்டினேன். நான் வெட்டுவேன், ராத்திரி அது மறுபடி பிடித்துக்கொள்ளும். கடைசியில் நடக்கவே பயமாகிவிட்டது, போகவில்லை.

ஏப்ரல் கடைசியில் காற்று எழும்பிப் பனி முழுவதையும் அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனது. காலையில் எழுந்து பார்த்தால் குடில் இல்லை. கனமானதெல்லாம் நின்ற இடத்திலேயே மூழ்கி, சுவர்கள் மட்டும் மிதந்து போயிருக்க வேண்டும். அக்கா, அப்போது எனக்கு முதலில் வந்தது 'அப்பாடா' என்ற நினைப்புதான். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அபராதத்தை நான் கட்டிவிடுகிறேன்.

ரெய்னோ

*

வின்னிபெக்
19 ஜூன் 1995

ரெய்னோ,

கடிதம் கிடைத்தது. மீன் கடிக்கும்போது எழ மனம் வராது என்பதை நீ எனக்கு விளக்க வேண்டாம். நானும் அந்த ஏரியில்தான் வளர்ந்தேன்.

உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லையா? நாலு பேர் கடப்பாரையோடு வந்திருந்தால் ஒரு மணி நேர வேலை. அந்த ஊரில் கேட்டால் வராதவர் யார்?

இன்னொன்றும் நீ எழுதவில்லை. சுவர் ஒதுங்கியபோது நீயும் துறையில் இருந்திருப்பாய். பருவம் தொடங்கும் நாளில் நீ இல்லாமல் இருக்க மாட்டாய். அங்கே யார் என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய்? வரிசையாக எழுது. எனக்குத்தான் வயதாகிவிட்டதே, ஒரு தடவை சொன்னால் மனதில் நிற்பதில்லை.

ஆகஸ்டில் வருவதாக இல்லை.

அய்லா

*

மார்ட்டன் ஏரி
23 ஜூலை 1995

அன்புள்ள அக்கா,

நல்ல செய்தி. குடிலோடு மூழ்கின உன் காபிக் கெண்டி கிடைத்துவிட்டது!

ஒரு மாதமாக நான் மீனே பிடிக்கவில்லை. குடில் நின்ற இடத்துக்கு நேர் மேலே படகை நிறுத்தி, மும்முனைக் கொக்கியில் ஈயம் கட்டி அடியைத் துழாவுகிறேன். கொசு பிய்த்தெடுக்கிறது. பக்கத்தில் பாஸ் மீன்கள் துள்ளுகின்றன, நான் அடியிலிருந்து கரண்டி பிடித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் உன் கெண்டி வந்தது, அப்புறம் பெஞ்சின் ஒரு கால், 'காலைத் துடைத்துவிட்டு வா' என்று நீ எழுதி மாட்டின பலகை. நேற்று அடுப்பு மாட்டியது. ஊர்ஹோ அத்தான் அதை எதற்கு அவ்வளவு கனமாகச் செய்தாரோ! படகு கவிழப் பார்த்தது. கயிறு போட்டுக் கரை வரைக்கும் அடியோடு அடியாக இழுத்து வந்தேன். துருதான், உடையவில்லை. தேய்த்துப் புதிது போல ஆக்கிவிடுவேன்.

துறையில் அன்றைக்கு ஒரே கூட்டம், சத்தம். யார் என்ன பேசினார்கள் என்று சரியாக நினைவில்லை. ஆகஸ்டில் வந்துவிடு அக்கா. ப்ளூபெரி இந்த வருஷம் கொட்டிக் கிடக்கிறது.

ரெய்னோ

*

வின்னிபெக்
7 ஆகஸ்ட் 1995

ரெய்னோ,

அடுப்பு எனக்கு வேண்டாம். கெண்டியும் வேண்டாம்.

வீட்டை விற்றுவிட்டு இங்கேயே இருந்துவிடுங்கள் என்று கைசா சொல்லிக்கொண்டிருந்தாள். இதுவரை காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது யோசிக்கிறேன். வசந்தத்தில் விலைக்குப் போடலாம் என்றிருக்கிறேன். தலை குனிந்துகொண்டு நடக்க வேண்டிய ஊரில் வீடு எதற்கு?

வயதான அக்கா,
அய்லா

*

மார்ட்டன் ஏரி
12 செப்டம்பர் 1995

அக்கா,

ஒரு மாதமாக உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிகிறேன். 'வயதான அக்கா' என்று எழுதியிருந்தாய். நீ ஒருநாளும் அப்படி எழுதுகிறவள் இல்லை. அந்த வார்த்தை உனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன்.

துறையில் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு வார்த்தை விடாமல்.

சுவர் ஒதுங்கியதும் எல்லோரும் வந்து நின்றார்கள். நான் கையில் புல்லா ரொட்டியோடு நின்றேன். ஒமெர் சவார் என்னைப் பார்த்து, "ரெய்னோ, இது அய்லா எண்ணுதானே? அய்லாவா இப்படி விட்டுட்டுப் போனா?" என்று கேட்டான். கத்திக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

நான் சொன்னேன்: "நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். வந்து எடுத்துக்கறேன்னா. வயசாச்சில்ல, மறந்துட்டா போல."

சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகப் படகுப் பக்கம் திரும்பிவிட்டார்கள். நம்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வாயிலிருந்த ரொட்டியை விழுங்கினேன்.

அம்மா போனபிறகு எனக்குச் சட்டை தைத்துப் போட்டவள் நீ. உன்னை விற்று நான் தப்பித்தேன். குடில் போனது கூட ஒரு தப்புதான், அதை மன்னிக்கலாம். இது அப்படி இல்லை. ஏரிக்குப் போனால் தண்ணீரைப் பார்க்க முடியவில்லை. தூண்டில் எல்லாம் கொட்டகையில் கிடக்கிறது.

ஏன் யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை என்று கேட்டிருந்தாய். போன வருஷம் ஒமெரை நீ கேட்டாய், நான் சிரித்தேன். அதே ஒமெர் வீட்டுக் கதவை நான் எப்படித் தட்டுவேன்? உன் காதுக்குப் போனால் நீ என்னையும் துறையில் நிற்க வைத்துக் கேட்பாய். உன் நாக்குக்குப் பயந்த அளவுக்கு நான் பனிக்குப் பயப்படவில்லை அக்கா. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொல்கிறேன்.

ரெய்னோ

*

வின்னிபெக்
21 செப்டம்பர் 1995

ரெய்னோ,

படித்தேன். அழுதேன். பிள்ளைகள் இருவரும் அதிசயமாக வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

என்னிடம் சொல்லிவிட்டாய். நல்லது. ஆனால் துறையில் உன்னைக் கேட்டது நான் இல்லையே. கேட்டவர்களிடம் போய்ச் சொல்.

அய்லா

*

மார்ட்டன் ஏரி
10 அக்டோபர் 1995

அக்கா,

சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் ஹாலில் அறுவடைத் திருநாள் மீன் விருந்து. இலையெல்லாம் உதிர்ந்து, ட்ரவுட் மீன் பருவமும் முடிந்து, ஊரில் எல்லோரும் சும்மா இருக்கிற நேரம். அதனால் ஒருத்தர் விடாமல் வந்திருந்தார்கள். தட்டு பரிமாறி முடிவதற்குள் எழுந்து நின்றுவிட்டேன். உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டால் எழ மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

"அய்லா குடிலு போனதுக்குக் காரணம் நான்" என்று ஆரம்பித்தேன். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது. யாரோ "சத்தமா சொல்லு ரெய்னோ" என்றார்கள். மறுபடி சொன்னேன். மீன் கடித்ததை, கட்டை வைக்காததை, உனக்குப் பொய் எழுதினதை, துறையில் சொன்னதை, எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கக்கா மறக்கல. எங்கக்கா ஒண்ணையும் மறக்கறவ இல்ல. பொய் சொன்னது நான்தான்" என்று முடித்தேன்.

யாருமே ஆச்சரியப்படவில்லை அக்கா. அதுதான் என்னை அடித்துப் போட்டுவிட்டது.

ஒமெர் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "தெரியும்ப்பா. ஏப்ரல்ல நீ தினம் கோடாலியத் தூக்கிக்கிட்டுத் தனியாப் போனதக் காபிக்கடை ஜன்னல்ல உக்காந்து பாத்துக்கிட்டுதான் இருந்தோம். சங்கிலி, கடப்பாரை எல்லாம் என் வண்டியில ரெடியாக் கிடந்துச்சு. ஒரு வார்த்தை வந்து கேப்பேன்னு பாத்தோம்."

"நீங்களா வந்திருக்கலாமேடா" என்றேன். அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, ஆனாலும் வாயில் வந்துவிட்டது.

"வந்திருக்கணும்" என்றான். "போன வருஷம் நீ சிரிச்ச சிரிப்பு காதுலயே இருந்துச்சு. கேக்கட்டும், அப்பறம் போலாம்னு வீம்பா உக்காந்துட்டேன். குடிலு ஏரிக்குள்ள போச்சு. அது எனக்கும் அசிங்கம்தான். துறையிலயும், நீயா சொல்லுவேன்னு ஒரு வழி விட்டுத்தான் கேட்டேன். நீ அக்காவச் சொன்ன. அதுக்கப்பறம் உன் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல."

கோடை முழுக்க நான் அடியைத் துழாவினதை அந்த ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்கள். உண்மை தெரிந்த ஊருக்கு நடுவில் நான் ஒருத்தன் மட்டும் பொய்யைப் பொத்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். நின்ற இடத்திலேயே தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. அப்போது ஒமெரின் மனைவி லோர்னா என் தட்டில் ஒரு துண்டு மீனை வைத்து, "ஆறிப்போகுது, உக்காந்து தின்னு" என்றாள். உட்கார்ந்தேன். அவள் பார்த்திருக்க, முழுவதும் தின்றேன்.

இன்று காலை அதிகாரியிடமும் போய் என் பேரை எழுதிக் கொடுத்தேன். பத்திரிகையிலும் வரும். உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டை விற்காதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

ரெய்னோ

*

வின்னிபெக்
29 அக்டோபர் 1995

அன்புள்ள தம்பி ரெய்னோ,

பத்திரிகை வந்தது. உன் படம் கண்றாவியாக இருக்கிறது. முடி வெட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

லோர்னா என்னை மே மாதமே போனில் கூப்பிட்டுவிட்டாள். குடில் படம் போட்ட அந்தப் பத்திரிகை வந்த அன்று சாயங்காலமே, நீ துறையில் சொன்னது என் காதுக்கு வந்துவிட்டது. 'வயசாச்சில்ல' என்று நீ சொன்னதையும் சேர்த்துத்தான். அதையும் வைத்துக்கொண்டுதான் அதற்குப் பிறகு உனக்கு அத்தனை கடிதமும் எழுதினேன். நீயாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். ஊரும் அப்படியே காத்திருந்தது என்று நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஒமெர் ஜன்னலில் உட்கார்ந்திருந்தான், நான் இங்கே உட்கார்ந்திருந்தேன். அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

'உன் நாக்குக்குப் பயந்தேன்' என்று எழுதினாயே, அது என்னை விடவே இல்லை. அன்றைக்கு ஒமெரை, அவன் பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால், "ஏரியை உன் வீட்டுக் குப்பைத்தொட்டின்னு நெனச்சியா?" என்று கேட்டேன். அவன் உதவி கேட்டான், எல்லோரும் வந்தார்கள், குடிலை எடுத்துவிட்டான். செய்ய வேண்டியதைச் செய்தவனைப் போய் நான் கேட்டேன். அதைப் பார்த்த பிறகு எவன் உதவி கேட்பான்? ஏரியைக் காப்பாற்றுகிறேன் என்று வாயைத் திறந்தேன். கடைசியில் அந்த வாய்தான் என் குடிலை ஏரியில் தள்ளியது. உன்னைப் பார்க்க எனக்கும் கூச்சமாக இருக்கிறது.

ஒமெருக்கும் எழுதியிருக்கிறேன். என்ன எழுதினேன் என்பது உனக்கு வேண்டாம்.

வீட்டை விற்கவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்ததும் வருகிறேன். அதற்குள் ஒரு குடில் கட்டு, சின்னதாக. அடுப்பைத் துருப்பிடிக்க விட்டுவிடாதே. பதிவு எண்ணை உன் பேரில் வாங்கு.

இன்னொன்று. அதைப் பனிமேல் இழுத்துக்கொண்டு போகும்போது, உனக்கு ஆள் வேண்டியிருந்தாலும் சரி, வேண்டாவிட்டாலும் சரி, போய்க் கேள்.

அக்கா

*

மார்ட்டன் ஏரி
20 டிசம்பர் 1995

அன்புள்ள அக்கா,

பனி கெட்டியாகிவிட்டது. குடில் தயார். உன் எண் எழுதின பழைய சுவரை அதிகாரி திருப்பிக் கொடுத்தார். அதை உள்பக்கச் சுவராக வைத்திருக்கிறேன், என் பெஞ்சுக்கு நேர் எதிரே. வெளியே என் எண். ஊர்ஹோ அத்தான் எழுதின மாதிரி அவ்வளவு அழகாக வரவில்லை. அடுப்பு எரிகிறது, கொஞ்சம் புகைகிறது.

குடில் ரொம்பச் சின்னது. ஒரு ஆள் போதும். நான் தனியாகவே இழுத்திருப்பேன்.

இருந்தாலும் இன்று காலை ஒமெர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நெடுநேரம் நின்றேன். போன ஏப்ரலில் இந்தப் படி வரைக்கும் ஒரு தடவை வந்து திரும்பிப் போயிருக்கிறேன், அதை உனக்கு எழுதவில்லை. கதவைத் தட்டினேன். உடனே திறந்தான்.

"ஒமெர், குடில இழுக்கணும். கொஞ்சம் வந்து கை குடுக்கறியா?" என்றேன். முகம் எரிந்தது.

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் கீழே பார்த்தேன். காலில் பூட்ஸ் மாட்டி, அதன் கயிற்றையும் கட்டித் தயாராக நின்றுகொண்டிருந்தான்.

ரெய்னோ